நெட்வொர்க் சுவிட்ச்: வாங்கும்போதும் மாட்டும்போதும் பார்க்க வேண்டியவை

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகள் நீளவாக்கில் போகும். தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக. இன்டர்நெட் ஃபைபர் வாசல் பக்கத்துத் தார்சாவோடு நின்றுவிடும். அங்கே வைத்த ரவுட்டரின் வைஃபை, தடித்த சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் சோர்ந்துபோகும். எக்ஸ்டெண்டர் மேல் எக்ஸ்டெண்டராக மாட்டிப் பார்ப்பதைவிட, ரவுட்டரிலிருந்து ஒரே ஒரு ஒயரை உள்ளே இழுத்து அந்த முனையில் சுவிட்ச் வைப்பது மேல். அங்கிருந்து டிவிக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று, உள்ளறை வைஃபை பெட்டிக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

கடையில் வெறுமனே சுவிட்ச் என்று கேட்டால் லைட் சுவிட்சை எடுத்து நீட்டுவார்கள்; நெட்வொர்க் சுவிட்ச் என்று கேளுங்கள். இன்னும் சிலர் இதை ஹப் என்பார்கள். ஹப் பழைய சாமான். ஒரு போர்ட்டில், அதாவது ஒயர் செருகும் துளையில், வந்ததை எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளும். எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தெரிந்துவைத்து அங்கே மட்டும் அனுப்புவது சுவிட்ச். இது ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) கொடுக்காது, நெட் வேகத்தையும் கூட்டாது; முகவரி கொடுப்பது ரவுட்டர். அதனால் வரிசை மாறக் கூடாது: ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ரவுட்டரின் லேன் போர்ட் (வீட்டுக் கருவிகளுக்கான துளை), அதன் பிறகுதான் சுவிட்ச்.

எத்தனை போர்ட், என்ன வேகம்

வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ் என்று வையுங்கள். கம்ப்யூட்டர் 4, பிரிண்டர் 1, கேமரா ரெக்கார்டர் 1, வைஃபை பெட்டி 1. கூட்டினால் 7. ரவுட்டரிலிருந்து வரும் ஒயருக்கும் ஒரு போர்ட் போகும்; அதைத்தான் பலர் எண்ண மறக்கிறார்கள். 8 போர்ட் சுவிட்ச் அன்றைக்கே நிறைந்துவிடும், 16 போர்ட் வாங்குவதே சரி. வீட்டுக்கு 5 போதும்போலத் தோன்றினாலும் 8 வாங்குங்கள். விலை வித்தியாசம் சொற்பம். பின்னால் ஒரு சுவிட்சின் வாலில் இன்னொன்று தொங்கவிடும் வேலை மிச்சம்.

வேகத்தில் ஜிகாபிட் (விநாடிக்கு 1000 மெகாபிட்) மட்டும் பாருங்கள். 10/100 என்று போட்ட, 100 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 100 மெகாபிட்) வரை மட்டும் போகும் பெட்டி மலிவு. ஆனால் 2 ஜி.பி. பேக்கப்பை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்க அதில் 3 நிமிடம் ஆகும். ஜிகாபிட்டில், இரண்டு பக்கமும் டிஸ்க் ஈடுகொடுத்தால், 20 விநாடி. ரவுட்டர் 100 எம்.பி.பி.எஸ். போர்ட் உள்ள பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. நெட் மட்டும்தான் அந்த வேகத்தில் நிற்கும். சுவிட்சில் உள்ள கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஜிகாபிட்டிலேயே பேசிக்கொள்ளும்.

செட்டிங்ஸ் மாற்றிக்கொள்ள முடிகிற மேனேஜ்டு சுவிட்ச் தேவையா? கேமராக்களையோ விருந்தினர் வைஃபையையோ கணக்குக் கம்ப்யூட்டர்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டுமென்றால் தேவை. ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் விலான் வசதி, ஸ்மார்ட் மேனேஜ்டு என்று விற்கும் சின்ன பெட்டிகளிலேயே இருக்கிறது. மற்றவர்களுக்கு வேண்டாம்.

கேமராவுக்கு பி.ஓ.இ.

ஒரே ஒயரில் டேட்டாவும் கரண்டும் போவதுதான் பி.ஓ.இ. பெட்டி மேல் போட்டிருக்கும் தரம் 802.3ஏ.எஃப். என்றால் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 802.3ஏ.டி. என்றால் 30 வாட். ஒயரில் போகும் இழப்புக்கு இடம் விட்டு, மறுமுனைக் கருவிக்கு உறுதியாகச் சொல்வது முறையே 12.95, 25.5 வாட்தான். பெட்டி மேல் இதைப் படித்துவிட்டு, மொத்த வாட் எவ்வளவு என்று பார்க்காமல் வந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. 8 போர்ட் சுவிட்சின் மொத்த பவர் 60 வாட் என்றால் ஒரு கேமராவுக்கு 7.5 வாட்தான் விழும். பகலில் எல்லாக் கேமராவும் ஓடும். இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், இழுக்கும் கரண்ட் கூடும், கடைசியாகச் சேர்த்த ஒன்றிரண்டு கேமரா அணைந்து அணைந்து வரும். கேமராவைக் கழற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. ஒவ்வொரு கேமராவின் அதிகபட்ச வாட்டையும் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து வாங்குங்கள்.

பேசிவ் பி.ஓ.இ. என்று வருவது வேறு. எதிரே என்ன கருவி என்று கேட்காமலே 24 அல்லது 48 வோல்ட்டை ஒயரில் ஏற்றிவிடும். அந்தப் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகாதீர்கள்.

ஒயர்தான் முக்கால்வாசிப் பிரச்சினை

சுவிட்சுக்கு நல்ல பெயர் பார்த்து வாங்குபவர்கள் ஒயரில் காசை மிச்சம் பிடிப்பார்கள். கேட் 6 என்று நெட் ஒயரின் தரத்தை அச்சடித்து, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய சரக்கு சந்தையில் நிறைய ஓடுகிறது. கத்தி நுனியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நாலைந்து முறை மடக்கினாலே முறியும், பி.ஓ.இ. ஏற்றினால் சூடாகும், தூரம் போனால் வேகம் விழும். முழுச் செம்பு என்று சொல்லிக் கேளுங்கள். 305 மீட்டர் டப்பாவைக் கையில் தூக்கினாலே எடை வித்தியாசம் புரியும். ஜிகாபிட்டுக்கு கேட் 5இ போதும், புதிதாக இழுப்பதென்றால் கேட் 6. எதுவானாலும் முனைக்கு முனை 100 மீட்டர்தான் எல்லை.

கிரிம்பிங் (ஒயர் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது) செய்யும்போது மேலுறையை 3 செ.மீ. உரித்து, கம்பிகளை நீவி நேராக்கி, இரண்டு முனையிலும் இதே வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். அரை அங்குலம் விட்டு ஒரே வெட்டாக வெட்டி பிளக்கில் தள்ளுங்கள். எட்டுக் கம்பியின் நுனியும் பிளக்கின் முன்சுவரைத் தொடுவது பக்கவாட்டில் தெரிய வேண்டும். மேலுறையும் பிளக்குக்குள் போய்க் கவ்வுக்கு அடியில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் நாலு முறை கழற்றி மாட்டியதும் கம்பி உருவிக்கொண்டு வரும்.

பச்சைக்கு நடுவில் நீலம் ஏன் புகுகிறது என்று நினைத்து, பச்சை ஜோடி, நீல ஜோடி என்று ‘ஒழுங்காக’ அடுக்குபவர்கள் உண்டு. இரண்டு முனையிலும் அப்படியே அடித்தால் கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் 3, 6 பின்கள் ஒரே முறுக்கு ஜோடியில் இருந்தால்தான் ஒன்றில் ஏறும் இரைச்சலை மற்றது ஈடுகட்டி அழிக்கும். ஜோடி பிரிந்தால் ஒயர் நீள நீள வேகம் தள்ளாடும். டெஸ்டரை நம்பி இதில் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பிளக்கை வெட்டி நிறத்தைப் பாருங்கள்.

கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே நெட் ஒயரையும் திணிக்கக் கூடாது. பக்கத்தில் இணையாகப் போக வேண்டியிருந்தால் ஓர் அடி தள்ளி. குறுக்கே கடப்பதென்றால் செங்குத்தாக. மொட்டை மாடியில் வெயிலில் கிடப்பதற்குக் கறுப்பு மேலுறை போட்ட வெளிப்புற ஒயர் தனியாக உண்டு.

எங்கே மாட்டுவது

தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஏறி வந்து நெல்லை ஜங்ஷன் பக்கம் தரைத்தளங்களை மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நெஞ்சு உயரத்துக்கு மேல், காற்று ஓடும் சுவரில் மாட்டுங்கள். கண்ணாடி அலமாரிக்குள்ளும் தகரக் கூரைக்கு நேர் கீழும் பி.ஓ.இ. சுவிட்ச் வெந்துபோகும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் சுவரோரமாக இறங்கும். வெளியிலிருந்து வரும் ஒயரை ஓட்டைக்குள் நுழைக்கும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்று பிளக்கின் பின்களில் களிம்பு ஏற வைக்கும், திறந்து கிடக்கும் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

அடாப்டர் விஷயத்தில் கவனம். சின்ன சுவிட்சுகளில் 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் மூன்றும் உண்டு. பல சமயம் முனை ஒன்றேபோல இருக்கும். 5 வோல்ட் சுவிட்சில் ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் அத்தோடு சரி. வாங்கிய அன்றே அடாப்டர் மேல் மார்க்கரில் சுவிட்ச் என்று எழுதிவிடுங்கள். ஒயரின் இரு முனையிலும் எண் எழுதிய ஸ்டிக்கரையும் அப்போதே ஒட்டலாம்.

வேலை செய்யாவிட்டால்

ஒரு கம்ப்யூட்டர் மட்டும் மெதுவாக இருக்கிறதா? விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் வேகத்தைப் பாருங்கள். 1000-க்குப் பதில் 100 என்று காட்டினால் நீல ஜோடியிலோ பிரவுன் ஜோடியிலோ ஒரு கம்பி பிடிக்கவில்லை. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும், 100-க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். இரண்டு முனையையும் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். அப்புறமும் அதேதான் என்றால் நடுவில் எலி கடித்திருக்கும்.

திடீரென்று ஆபீஸ் முழுக்க நின்று, சுவிட்சின் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் படபடவென்று அடித்தால் அது லூப், அனுப்பியதே திரும்பத் திரும்பச் சுற்றுவது. பெருக்க வந்தவர் கீழே கிடந்த ஒயர் முனையை அக்கறையாக எடுத்துக் காலிப் போர்ட்டில் செருகியிருப்பார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில் இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கியதும் அடங்குகிறதோ அதுதான்.

பழைய ரவுட்டரையே சுவிட்சாகப் பயன்படுத்தலாம். அதில் ஐ.பி. முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை அணைத்து, அந்தப் பழைய ரவுட்டரின் சொந்த ஐ.பி. முகவரியை மாற்றி, ஒயரை லேன் போர்ட்டில் செருக வேண்டும். அணைக்க மறந்தால் சில கம்ப்யூட்டருக்கு நெட் வரும், சிலதுக்கு வராது.

கடைசியாக இடி. சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இங்கே சுவிட்ச் போவது பெரும்பாலும் கரண்ட் வழியாக அல்ல, மாடிக் கேமரா ஒயர் வழியாக. மானம் இருட்டினால் அடாப்டரை மட்டும் பிடுங்கிப் பயனில்லை, வெளியிலிருந்து வரும் நெட் ஒயரையும் பிடுங்குங்கள். திடீரென்று ஏறும் மின்சாரத்தைத் தரைக்குத் தள்ள நெட் ஒயரில் மாட்டும் சர்ஜ் பெட்டி எர்த் இல்லாமல் வெறும் அலங்காரம். ரைஸ் மில்லுக்கும் ஆபீசுக்கும், வீட்டுக்கும் பம்ப் செட்டுக்கும் என்று இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு ஒயரே வேண்டாம். ஃபைபர் இழுத்து இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியை நெட் ஒயருக்கு மாற்றும் பெட்டி) வையுங்கள். ஒற்றை ஃபைபர் என்றால் ஒரு பக்கம் ஏ வகை கன்வெர்ட்டர், மறுபக்கம் பி வகை வேண்டும். இரண்டும் ஏ என்றால் விளக்கே எரியாது. ஃபைபரின் பச்சை முனையை நீலச் சாக்கெட்டில் செருகினாலும் ஒளி பாழாகும்.

இடிக்குப் பிறகு சுவிட்சில் ஒரு போர்ட் மட்டும் செத்து மற்றவை ஓடினால், செத்ததில் டேப் ஒட்டிவிட்டு ஓட்டலாம் என்று தோன்றும். ஓரிரு வாரத்துக்கு ஓட்டுங்கள், ஆனால் மீதிப் போர்ட்டுகளையும் நம்ப முடியாது என்பதால் பில்லிங் கம்ப்யூட்டரை அந்தச் சுவிட்சிலிருந்து அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.