ஓவர்ஃப்ளோ பைப் கொடகொட சத்தம் – நாலு நாள் கழிச்சு நின்னுச்சு

வண்ணாரப்பேட்டைல எங்க வீட்டு ஹால்ல மூணடி மீன் டேங்க், மூலைல ஓவர்ஃப்ளோ பாக்ஸ் (டேங்க்ல மேல வழியுற தண்ணி விழுற தடுப்பு), அதுல இருந்து 1 இன்ச் பிவிசி பைப் கீழ சம்ப்புக்கு (டேங்குக்கு அடில இருக்குற தொட்டி) போகுது, அங்க இருந்து மோட்டார் தண்ணிய திரும்ப மேல ஏத்தும். மோட்டார் போட்டா பாக்ஸ்ல தண்ணி மெதுவா ஏறும், ஒரு நிமிஷத்துல கொடகொடன்னு மொத்தமா இழுத்துக்கும், திரும்ப ஏறும், ராத்திரி பூரா இதே தான்.

மொதல்ல மோட்டார் வேகத்த கொறச்சேன், சத்தம் போகல, இடைவெளி தான் நீண்டுச்சு. பைப் வாய்ல ஸ்பான்ஞ்ச் வச்சேன், அத யாரும் பண்ணாதீங்க, அடைச்சா தண்ணி தரைக்கு தான் வரும். கொளத்தூர் மீன் கடைல ஒரு அண்ணன் "பைப் வாய்ல T வடிவ ஜாயின்ட் போட்டு, அதோட மேல் மூடில காத்து ஓட்டை போடு தம்பி"ன்னாரு. 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன், பாதி கொறஞ்சுது, அவ்ளோ தான்.

அப்புறம் டார்ச் அடிச்சு சம்ப்ப பாத்தா, பைப்போட கீழ் முனை தண்ணிக்குள்ள அஞ்சு இன்ச் முங்கி கெடக்கு. தண்ணியோட எறங்குற காத்துக்கு வெளிய போக வழியில்ல, உள்ளயே சேர்ந்து பெரிய பெரிய குமிழியா ஒரேயடியா கக்குது. ஹேக்சா பிளேடால அறுத்து, முனை ஒரு இன்ச் மட்டும் முங்குற மாதிரி வச்சேன். இத மோட்டார் ஓடும்போது அளக்கணும், நின்னிருக்கும்போது சம்ப்ல தண்ணி மட்டம் அதிகமா இருக்கும், நான் மொதல்ல அளந்தது அப்படித்தான் தப்பா போச்சு.

சத்தம் சுத்தமா நின்னுச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. கரண்ட் கட் ஆன மாதிரி பிளக்க புடுங்கியும் பாத்துட்டேன், மேல இருந்து தண்ணி எறங்கியும் சம்ப் வழியல.