வேகமான ஹார்ட் ராக் ரிதம் கிட்டார்: வலது கையிலிருந்து ஆரம்பிப்போம்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிய கையோடு எல்லோருக்கும் லீட், அதாவது சோலோ வாசிக்கத்தான் ஆசை வரும். ஆனால் ஹார்ட் ராக்கில் நம்மைத் தலையாட்ட வைப்பது பெரும்பாலும் பின்னால் தாளத்தைப் பிடித்துத் தரும் ரிதம் கிட்டார்தான். ஏசி/டிசி குழுவில் தம்பி ஆங்கஸ் யங் மேடை முழுக்க ஓடியாடி சோலோ வாசிப்பார். மறைந்த அண்ணன் மால்கம் யங் அந்தக் காலத்தில் பின்னால் டிரம்ஸ் பக்கமாக நின்று ரிதம் வாசித்துக்கொண்டிருப்பார். பாட்டை இழுத்துக்கொண்டு போனது அவருடைய வலது கைதான். அந்தக் கைக்கான பாடம் இது. இடது கைக்கு இதில் வேலை குறைவு.

1. முதலில் ஆம்ப்

ஆம்பில் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ்) பாதிக்குக் கீழே இறக்குங்கள். மனசு கேட்காது, இருந்தாலும் இறக்குங்கள். கெயின் ஏற ஏற அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகிவிடும். வேகமாக வாசிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்க வேண்டும். மால்கம் தடித்த கம்பிகளைப் போட்டு, ஆம்பில் கெயினைக் குறைவாகவே வைத்திருந்தார். கிரெட்ச் கிட்டாரில் பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கத்து பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றியே எடுத்துவிட்டார். நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம், சுவிட்சை பிரிட்ஜ் பக்கம் தள்ளினால் போதும். ஆம்பில் மிட்டை (நடுத்தர ஒலிகளுக்கான குமிழ்) குறைக்காதீர்கள்.

பிக் (கம்பியை மீட்டும் வில்லை) 1 மி.மீ. தடிமனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விரலுக்கு வெளியே 3, 4 மி.மீ. மட்டும் தெரிந்தால் போதும்.

2. மூன்று பவர் கார்டுகள்

பவர் கார்ட் என்றால் ச, ப, மேல் ச. அவ்வளவுதான். காந்தாரம் கிடையாது. டிஸ்டார்ஷனில் (ஆம்பின் கரகரப்பில்) காந்தாரமும் சேர்ந்தால் சத்தம் கலங்கிவிடும், அதனால்தான் அதை விட்டுவிடுகிறோம்.

ஈ5: ஆறாம் கம்பி (எல்லாவற்றிலும் தடித்தது) திறந்தபடி (விரல் வைக்காமல்), ஐந்தாம் கம்பியிலும் நான்காம் கம்பியிலும் 2ஆம் ஃப்ரெட் (கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்).
ஜி5: ஆறாம் கம்பியில் 3ஆம் ஃப்ரெட், ஐந்திலும் நான்கிலும் 5ஆம் ஃப்ரெட்.
ஏ5: ஐந்தாம் கம்பி திறந்தபடி, நான்கிலும் மூன்றிலும் 2ஆம் ஃப்ரெட்.

3. டவுன் ஸ்ட்ரோக்

பாடத்தின் உயிரே இதுதான். மேலிருந்து கீழே மட்டும் அடிப்பது. பிக் கம்பியைக் கடந்ததும் அங்கேயே நிற்க வேண்டும். தொடை வரை கையை வீசினால் திரும்பி வரவே நேரம் போய்விடும். அசைவு மணிக்கட்டில் இருக்கட்டும், முழங்கையில் வேண்டாம்.

அடுத்து பாம் மியூட். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தை, கம்பிகள் பிரிட்ஜில் ஏறும் இடத்தில் லேசாக வையுங்கள். ஆறாம் கம்பியை மட்டும் அடியுங்கள். ‘டுக்’ என்று அடைத்த சத்தம், அதற்குள்ளேயே சுருதியும் கேட்டால் இடம் சரி. சுருதியே கேட்கவில்லை என்றால் கை நெக் (கழுத்து) பக்கம் நகர்ந்துவிட்டது, கொஞ்சம் பின்னால் இழுங்கள். கம்பி தாராளமாக ஒலித்தால் கை பிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது. ஒன்றிரண்டு மி.மீட்டரில் எல்லாமே மாறும். அதனால் இந்த இடத்தைக் கை தானாகத் தேடிப் போகும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

மெட்ரோனோமை (தாளத்துக்குக் கிளிக் கொடுக்கும் கருவி) 80இல், அதாவது நிமிடத்துக்கு 80 கிளிக்கில் வைத்து, ஒரு கிளிக்குக்கு இரண்டு அடி. எண்ணுவதற்கு நம் சொற்கட்டே வசதி: ‘தகதிமி தகஜுணு’, நான்கு கிளிக்கில் எட்டு அடி. இரண்டு நிமிடம் ஒரே சத்தத்தில் வந்தால் 5 ஏற்றுங்கள். 140 வாக்கில் பலருக்கும் முன்கை இறுகத் தொடங்கும். இறுகினால் நிறுத்திவிட்டு, கையை உதறி, 10 குறைத்து மறுபடி ஆரம்பியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வலியோடு வாசித்தால் வேகம் வராது, மணிக்கட்டுதான் கெடும்.

ரமோன்ஸ் குழுவின் ஜானி ரமோன் கிட்டத்தட்ட முழுக்கச்சேரியையும் டவுன் ஸ்ட்ரோக்கிலேயே ஓட்டியவர். மெட்டாலிகா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் 200ஐத் தாண்டிய வேகத்திலும் இதைச் செய்தவர். நமக்கு இப்போதைக்கு 160 வந்தாலே நிறைய பாட்டுகள் கைக்கு எட்டும். அப் ஸ்ட்ரோக் (கீழிருந்து மேலே அடிப்பது) கலந்தால் சுலபமாக 160 வருமே என்று தோன்றும். வரும்தான், ஆனால் அந்த முட்டித் தள்ளும் அழுத்தம் போய்விடும்.

4. குதிரை ஓட்டம்

இங்கே மட்டும் அப் ஸ்ட்ரோக் உண்டு. ‘தாகிட தாகிட’: ‘தா’வுக்கு டவுன், ‘கி’க்கு டவுன், ‘ட’வுக்கு அப். ‘தா’ நீளம், மற்ற இரண்டும் அதில் பாதி. மூன்றையும் சம நீளமாக்கிவிட்டால் திஸ்ரமாகிவிடும், ஓட்டம் போய்விடும். 70இல் ஆரம்பியுங்கள்.

5. ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துண்டு)

‘தகதிமி தக’ வரை ஆறு அடிகள், ஆறாம் கம்பியில் பாம் மியூட். ‘ஜு’வுக்கு ஜி5, ‘ணு’வுக்கு ஏ5. இந்த இரண்டுக்கும் உள்ளங்கையைத் தூக்கித் திறந்து அடியுங்கள். இப்படி மூன்று முறை. நான்காவது முறை ஈ5ஐ ஒரே அடி அடித்து நான்கு கிளிக் ஒலிக்க விடுங்கள்.

ஏ5 அடிக்கும்போது ஆறாம் கம்பியும் சேர்ந்து உறுமும். இடது கைக் கட்டைவிரலை நெக்குக்கு மேலே கொண்டுவந்து அதைத் தொட்டபடி வைத்தால் அடங்கும். கை எட்டாதவர்கள் பிக்கை ஐந்தாம் கம்பியிலிருந்து தொடங்கப் பழக வேண்டியதுதான்.

கடைசி ஈ5க்குப் பின் இரண்டு உள்ளங்கைகளையும் கம்பிகள் மேல் வைத்து, கிளிக்கின் மேலேயே சத்தத்தை வெட்டுங்கள். அப்புறம் ஃபோனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். ஏழாவது, எட்டாவது அடிகள் கிளிக்கை முந்துகின்றனவா என்று கவனியுங்கள். கார்ட் மாற்றும் பதற்றத்தில் பெரும்பாலும் அங்கேதான் கை ஓடும். முந்தினால் அந்த இரண்டு அடிகளை மட்டும் தனியாக எடுத்து 60இல் வாசியுங்கள்.