பழைய சிறுவர் நாவலா? முதலில் தேடல் பெட்டி

பிள்ளைக்குப் பழைய ஆங்கிலச் சிறுவர் நாவலை மின்னூலாக இறக்கினால், கையில் கொடுக்கும் முன் தேடல் பெட்டியில் 'பிளாக்' (கறுப்பு), 'நேட்டிவ்' (பூர்வகுடி), 'சாவேஜ்' (காட்டுமிராண்டி) என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். முழுப் புத்தகத்தையும் படிக்காமலே, நிறவெறி தொனிக்கும் சிக்கலான பக்கங்களுக்குப் போய்விடலாம்.

காரணம் எளிது. இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் காப்புரிமை முடிந்த பழைய பதிப்புகள். பின்னாளில் செய்த திருத்தம் எதுவும் அவற்றில் இருக்காது. 1920இல் வந்த 'டாக்டர் டூலிட்டில்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பிளாக்' என்று தேடினால் 11ஆம் அத்தியாயத்தின் தலைப்பே மாட்டும். பம்போ என்ற ஆப்பிரிக்க இளவரசன், தூங்கும் அழகியை முத்தமிட்டு எழுப்ப, அவள் இவன் நிறத்தைப் பார்த்து ஓடிவிடுகிறாள்; தன்னை வெள்ளையாக்கச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சுகிறான். அவரும் மருந்து கலக்கி முகத்தை வெளுக்கிறார்! சிவப்பழகு கிரீம் விளம்பரம் பார்த்து வளரும் நம் வீட்டுப் பிள்ளைக்கு இது சும்மா கடந்துபோகும் பக்கம் அல்ல. 1988 பதிப்பில் இந்தப் பகுதியை மாற்றிவிட்டார்கள். அச்சுப் புத்தகம் வாங்கினால் உரிமைப் பக்கத்தில் பதிப்பாண்டைப் பாருங்கள்.

படக்கதைகளுக்கு இந்த வழி உதவாது. 'டின்டின் இன் தி காங்கோ'வில் ஆப்பிரிக்கர்களைக் கேலியாகக் காட்டும் கோளாறு பெரும்பாலும் ஓவியத்தில்தான், புரட்டித்தான் பார்க்கவேண்டும். 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலிலோ கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் வசைச்சொல் இருநூறு தடவைக்கு மேல் சிக்கும். ஆனால் அது அடிமைமுறையைக் குத்திக்காட்டும் நாவல். எண்ணிக்கையை வைத்து ஒதுக்காமல், பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கலாம்.