மகாபொல, பேசரி ஆருக்குக் கிடைக்கும்? வன்னிப் பிள்ளையளுக்கு ஒரு விளக்கம்

ஏஎல் (உயர்தரம்) றிசல்ட் வந்து வெட்டுப்புள்ளியும் வந்து கம்பஸ் கிடைச்சிட்டுது எண்டு தெரிஞ்ச அண்டைக்கே வீட்டில அடுத்த கதை காசுதான். முல்லைத்தீவில இருந்து ஒரு பிள்ளையை மாத்தறைக்கோ பேராதனைக்கோ அனுப்பி வைக்கிறதெண்டா அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு எண்டு கூட்டிப் பாத்தாலே அம்மாமாருக்கு நித்திரை வராது. அதுக்குத்தான் கம்பஸ் பிள்ளையளுக்கு மகாபொல எண்ட புலமைப்பரிசிலும் பேசரி எண்ட உதவிப்பணமும் இருக்கு, ஆனா எங்கட பக்கத்தில இதைப் பற்றி உலாவுற கதையள்ல பாதி பிழை.

முதல்ல ரெண்டும் வேற வேற. மகாபொல 1981 இல சட்டம் போட்டுத் தொடங்கின நம்பிக்கை நிதியம், லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சரா இருக்கேக்க கொண்டு வந்தது, லொத்தர் காசும் அதுக்குள்ள போகுது. பேசரி எண்டுறது மகாபொல கிடைக்காத, ஆனா வசதி இல்லாத பிள்ளையளுக்கு அரசாங்கம் கம்பஸ் ஊடாக் குடுக்கிற உதவிப்பணம். ரெண்டையும் சேத்து ஒராள் எடுக்கேலாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில மகாபொலவை மாசம் 5000 ரூபாவில இருந்து 7500 ஆவும், பேசரியை 4000 இல இருந்து 6500 ஆவும் கூட்டினவை. இதை வச்சு முழுச்செலவும் பாக்கேலாதுதான், ஆனா சாப்பாட்டுக் காசில ஒரு பெரிய பங்கு வந்திடும்.

இனி தகுதி. அரச பல்கலைக்கழகத்துக்கு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவால தெரிவாகி, உள்வாரி மாணவராப் பதிஞ்சிருக்கோணும். யாழ்ப்பாணக் கம்பஸ், கிளிநொச்சி அறிவியல் நகர்ல இருக்கிற அதின்ர பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள், பம்பைமடுவில இருக்கிற வவுனியாப் பல்கலைக்கழகம், தெற்கில இருக்கிற கம்பஸுகள் எல்லாம் இதுக்குள்ள வரும். வெளிவாரிப் பட்டம், காசு கட்டிப் படிக்கிற தனியார் டிகிரி வராது. முழுநேர வேலை செய்யிற ஆளுக்கும் இல்லை, படிக்கேக்க அரசாங்க வேலை கிடைச்சுப் போனா அதோட நிக்கும்.

மகாபொலவில திறமைக்கெண்டு குடுக்கிறது கொஞ்ச ஆக்களுக்குத்தான், மிச்சம் எல்லாம் குடும்ப வருமானத்தைப் பாத்துத்தான். இங்க ஒரு குழப்பம் இருக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் கல்வியில பின்தங்கின மாவட்டப் பட்டியல்ல இருக்கு, அதால எங்களுக்கு மகாபொல தானா வரும் எண்டு சில பேர் நினைக்கினம். அந்தப் பட்டியல் மாவட்டங்களுக்கெண்டு இருக்கிற 5 வீத ஒதுக்கீடு கம்பஸுக்குள்ள போறதுக்கு மட்டும், காசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அதே மாதிரி அஸ்வெசும (வசதி இல்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) எடுக்கிற வீடு எண்டாலும் தானா வராது, விண்ணப்பிச்சாத்தான்.

உண்மையான வேலை வருமானச் சான்றிதழ்லதான் கிடக்கு. அண்டண்டைக்குக் கூலிக்குப் போற அப்பாவுக்கும் ரெண்டு ஏக்கர் வயல் செய்யிற அப்பாவுக்கும் கடற்தொழில் செய்யிற அப்பாவுக்கும் சம்பளச் சீட்டு இல்லை, அதால ஜீ.எஸ் (கிராம அலுவலர்) விசாரிச்சு உறுதிப்படுத்த, பிரதேச செயலாளர் ஒப்பம் வைக்கோணும். கரைச்சியோ ஒட்டுசுட்டானோ துணுக்காயோ நெடுங்கேணியோ, நீங்கள் நிரந்தரமா வாக்காளர் இடாப்பில இருக்கிற பிரிவுக்குத்தான் போகோணும். ஏஎல் படிக்க வவுனியா ரவுனில சித்தி வீட்டில நிண்டனீங்கள் எண்டதுக்காக அங்கத்தை ஜீ.எஸ்ஸிட்டப் போனா அவர் திருப்பி அனுப்புவார், அவரில பிழை இல்லை. ஜீ.எஸ்ஸுக்கு ஒபிஸ் நாள் எது வெளிக்கள நாள் எது எண்டு கேட்டுப் போட்டுப் போங்கோ.

கொண்டு போக வேண்டியது: குடும்ப அட்டை, அம்மா அப்பா ரெண்டு பேரின்ர அடையாள அட்டை, உங்கட பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடம் போற தம்பி தங்கச்சிமார் இருந்தா அதிபரின்ர கடிதம், அக்கா அண்ணா வேற கம்பஸில படிச்சா அந்தக் கடிதம். சகோதரங்கள் எத்தினை பேர் படிக்கினம், வீட்டுக்கும் கம்பஸுக்கும் எவ்வளவு தூரம் எண்டதெல்லாம் ஃபோமில கேப்பினம், சும்மா வெறுமையா விடாதேங்கோ. வீட்டில ஆரும் அரசாங்க வேலை எண்டா கையில வாற காசைப் போடேலாது, கடன் கழிக்க முந்தின மொத்தச் சம்பளத்தைத்தான் போடோணும். ரீச்சர்மாரின்ர பிள்ளையள் கனபேர் இந்த இடத்திலதான் தடக்குப்படுறவை.

அப்பா இல்லாத வீடுகள் எங்கட பக்கத்தில கனக்க. இறந்திருந்தா மரணச் சான்றிதழ். காணாமல் ஆக்கப்பட்ட ஆள் எண்டா, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இல்லாத அம்மாமாருக்கெண்டு 2016 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு காணக்கிடைக்காமைச் சான்றிதழ் எண்டு ஒண்டு இருக்கு, அதைக் குடும்ப நிலைக்கு ஆதாரமாக் காட்டலாம். அதுவும் எடுக்கேல்லை எண்டா ஜீ.எஸ்ஸிட்ட விசயத்தைச் சொல்லி, தாய் மட்டும் பாக்கிற குடும்பம் எண்டு கடிதத்தில எழுதச் சொல்லுங்கோ. இடம்பெயர்வில பிறப்புச் சான்றிதழ் துலைஞ்ச ஆக்கள் பிரதேச செயலகத்துப் பதிவாளர் பகுதியில புதுக் கொப்பி எடுத்து, பேர் எழுத்து அடையாள அட்டையோடையும் ஏஎல் பெறுபேற்றோடையும் ஒத்து வருதோ எண்டு அங்கயே நிண்டு பாத்திட்டு வெளிக்கிடுங்கோ.

வெளிநாட்டுக் காசு எண்டு ஒரு கதை. கனடாவில இருக்கிற அண்ணா மாசாமாசம் அனுப்புறார் எண்டா அதை மறைக்கிறது வேலைக்காகாது, ஊருக்கே தெரிஞ்சது ஜீ.எஸ்ஸுக்குத் தெரியாதே? பொய் விபரம் குடுத்துப் பிடிபட்டா வந்த காசையும் திருப்பிக் கட்டச் சொல்லலாம். மாமா தைப்பொங்கலுக்கு அனுப்பினது வேற, அதை எப்பிடிப் போடுறது எண்டு ஜீ.எஸ்ஸிட்டயே கேளுங்கோ.

விண்ணப்பம் கம்பஸ் தெரிவுக்குப் பிறகு வாற அறிவித்தலோட வரும், வருமான எல்லையும் எந்த வருஷ வருமானம் எண்டதும் கடைசித் திகதியும் அந்த வருஷ அறிவித்தல்ல இருக்கிறதுதான் கணக்கு, போன பட்ச் அண்ணா சொன்னதில்லை. சான்றிதழுக்கு மட்டும் அறிவித்தல் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிராதேங்கோ, ஆதாரங்களை முதலே சேத்து வையுங்கோ. உங்கட சொந்தப் பேரில ஒரு பாங்க் எக்கவுண்டும் வேணும், அம்மாவின்ர பாஸ்புக் சரிவராது.

மகாபொலப் பட்டியல்ல பேர் இல்லை எண்டா வீட்டில இருந்து அழாம கம்பஸ் மாணவர் நலன்புரிக் கிளைக்குப் போங்கோ, பேசரிக்கு எப்ப ஃபோம் தருவினம், மேன்முறையீடு போடலாமோ எண்டு அண்டைக்கே கேளுங்கோ. கிடைச்ச ஆக்கள் லெக்சருக்கு ஒழுங்காப் போகோணும், வரவு குறைஞ்சா காசும் நிக்கும். இது ஒரு கல்வி வருஷத்துக்குப் பத்துத் தவணை, பன்னிரண்டில்லை. ஒவ்வொரு மாசமும் சொன்ன திகதிக்கு வரும் எண்டும் இல்லை, பிந்திப் பிந்திச் சேந்தும் வரும், அதால முதல் ரெண்டு மூண்டு மாசத்து அறை வாடகைக்கு வேற வழி பாத்து வச்சிட்டுப் போங்கோ.