விண்கல் பள்ளம் பார்க்கப் போகும் முன்

முதலில் செயற்கைக்கோள் வரைபடத்தில் அளவைப் பாருங்கள். அரிசோனாவின் பாரிஞ்சர் பள்ளம் சுமார் 1.2 கி.மீ. அகலம், விளிம்பில் நின்றால் முழுக் கிண்ணமும் கண்ணில் அடங்கும். ஜெர்மனியின் ரீஸ் சுமார் 24 கி.மீ.; நடுவில் நின்றுகொண்டே பள்ளம் எங்கே என்று தேடுவீர்கள். நோர்ட்லிங்கன் என்ற ஊரே அதற்குள் இருக்கிறது! அங்கே தேவாலயச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். விண்கல் மோதலில் உருவான சூவைட் என்ற பாறை வகை அது.

வெயில் சாய்ந்திருக்கும் காலையோ மாலையோ போங்கள். அப்போதுதான் விளிம்பு நிழலோடு எழுந்து தெரியும். நான் உச்சி வெயிலில் போய், தோசைக்கல் போலத் தட்டையான படங்களோடு திரும்பினேன்.

உள்ளே இறங்க அனுமதி உண்டா என்று முன்பே விசாரியுங்கள், பாரிஞ்சரில் கிடையாது. இறங்குவது சுலபம், ஏற்றம் கடைசியில்தான் வரும். அதனால் பாதித் தண்ணீரைத் தொடாமல் வையுங்கள். அப்புறம், கல் எதையும் பையில் போடாதீர்கள்.