ரெசின் ஏற்றியும் கல் ஏன் உதிர்கிறது?

மென்மையான கல் உதிராமல் இருக்க, இறுகிக் கெட்டியாகும் பிசினான ரெசினில் அதை ஊறவைப்போம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் கராஜுக்குக் கல் அறுக்கப் பழக வரும் தம்பிகள் மூன்று பேர் இந்தக் கோடையில் கிரிசோகொல்லா என்ற நல்ல பச்சை நீலக் கல்லை இதில் வீணாக்கிவிட்டார்கள். மூவரும் செய்தது நான் அன்று செய்த அதே தவறு, கீழே முதலில் இருப்பது; மற்ற தவறுகளையும் சேர்த்துச் சொல்கிறேன். கையுறை, முகமூடி பற்றியெல்லாம் டப்பாவிலேயே போட்டிருக்கிறது, அதை விடுகிறேன்.

ஈரக் கல்லை ரெசினில் போடுவது

டர்க்காய்ஸ், கிரிசோகொல்லா மாதிரி நுண்துளைக் கற்கள் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், ரம்பத்துக்கு விடும் தண்ணீரே அதற்குப் போதும், டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் அது லேசில் வெளியே வராது. தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் உட்கார்ந்திருக்கும் துளைக்குள் ரெசின் நுழையாது.

காங்கோவிலிருந்து வந்த ஒரு துண்டு, பச்சையும் நீலமும் அலை அலையாக ஓடும், மூன்று மாதம் காசு சேர்த்து வாங்கினேன். இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு எப்பாக்ஸி ரெசினில் போட்டேன். இறுகியதும் கண்ணாடி போல மின்னியது. சக்கரத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்த்ததும் உள்ளே வெளிறிய சுண்ணாம்பு போலப் பொலபொலவென்று உதிர்ந்தது, நகம் பட்டாலே குழி விழுந்தது. மறுபடி ஊறவைத்தும் பயனில்லை, வெளித் துளைகளை முதல் ரெசினே அடைத்துவிட்டதே! இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

வெயிலை விடுங்கள், தராசை எடுங்கள். கல்லை நிறுத்து எழுதி, ஓவனில் 60 டிகிரியில் வைத்து, தினமும் ஆறவிட்டு நிறுங்கள். அப்புறம் நான் காயவைத்த ஒரு துண்டு 212 கிராமில் தொடங்கி ஐந்து நாளில் 197-இல் நின்றது. அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே எடை வர வேண்டும், மின்வெட்டில் ஓவன் அணைந்த நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் கல் விரிசல் விடும், நிறமும் கெடலாம். ஆறியதும் ரெசினில் இறக்கிவிடுங்கள், ஒரு ராத்திரி மேசையில் கிடந்தாலும் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும்.

முழுக் கல்லை அப்படியே ஊறவைப்பது

அறுத்துப் போடுங்கள். இறுக்கமான கல்லில் ரெசின் சில மில்லிமீட்டர்தான் இறங்கும்.

வேக்குவம் பம்பை நிறுத்தியதும் கல்லை எடுப்பது

ரெசினில் மூழ்கிய கல்லிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப் இது, குமிழி அடங்கும்வரை ஓடட்டும். காற்றைத் திரும்ப விடும்போதுதான் ரெசின் உள்ளே போகிறது, அதனால் கல் அதிலேயே கிடக்கட்டும்.

அசிட்டோன் ஆவியாகும் முன் ஓவனில் வைப்பது

ரெசினை நீர்க்கச் செய்யக் கலக்கும் அசிட்டோன் தீப்பிடிக்கும். வேண்டவே வேண்டாம்.

சொல்லாமல் விற்பது

ரெசின் ஏற்றிய கல் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். பிற்பாடு ஆசாரி மோதிரத்தைப் பற்றவைக்க நெருப்பைக் காட்டினால் ரெசின் கருகிவிடும், தெரிந்திருந்தால் கல்லைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.