டொலுயீன்–நீர் இடைமுக இழுவிசை: கணக்கும் அளவீடும் ஒத்துவந்த விதம்

கடலூர் சிப்காட்டில் நான் பணியாற்றும் ஆய்வகத்தில், நீரால் கழுவிய டொலுயீன் (நீருடன் கலவாத ஒரு கரிமக் கரைப்பான்) நீரிலிருந்து தனி அடுக்காகப் பிரியத் தாமதமானபோது, இவ்விரண்டுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைமுக இழுவிசையை, அதாவது இரு திரவங்கள் தொடும் பரப்பைச் சுருக்க முனையும் விசையை, கணக்கிட முனைந்தேன். 20 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன், டொலுயீனுடையது சுமார் 28.4. எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள பொதுவான ஈர்ப்பான சிதறல் விசையை மட்டுமே கணக்கில் எடுப்பது ஃபோக்ஸ் சமன்பாடு; நீரின் பரப்பு இழுவிசையில் அவ்விசையின் பங்கை 21.8 எனக் கொண்டு அது 51 என்றது; தூய டொலுயீனைத் தொங்குதுளி முறையில் (தொங்கும் துளியின் வடிவத்தைக் கொண்டு) அளந்தபோதோ 36தான் வந்தது.

கருவியைச் சோதிக்க ஹெக்சேனை அளந்தேன். கணக்கும் அளவீடும் 51 என்றே ஒத்தன. ஹெக்சேன் சிதறல் விசையால் மட்டுமே நீருடன் ஈர்ப்புக் கொள்கிறது. டொலுயீனின் கார்பன் வளையத்தில் பரவியுள்ள பை எலக்ட்ரான்களோ நீரின் ஹைட்ரஜனையும் ஈர்ப்பதால் இடைமுக இழுவிசை தணிகிறது, அந்த ஈர்ப்புக்கு ஃபோக்ஸ் சமன்பாட்டில் இடமே இல்லை.

எனவே, இரு திரவங்களுக்கிடையேயான ஈர்ப்பு முழுவதையும் ஒரே குணகத்தால் குறிக்கும் கிரிஃபால்கோ–குட் சமன்பாட்டுக்கு மாறி, அதே வகை வளையமுள்ள பென்சீனுக்குரிய சுமார் 0.72 என்னும் குணகத்தை இட்டேன்: இரு பரப்பு இழுவிசைகளின் கூட்டுத்தொகையிலிருந்து, அவற்றின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலத்தின் இருமடங்கை 0.72ஆல் பெருக்கிக் கழிக்க, 35.7 கிடைத்தது. (ஆக்டனால் போன்ற ஆல்கஹால்களுக்கு இக்குணகம் உதவாது, அவற்றை அளப்பதே நன்று.)

பிரியத் தாமதமான ஆலை மாதிரியின் மதிப்பு இதைவிட மிகத் தாழ்ந்திருந்ததால், இழுவிசையைக் குறைத்துப் பிரிவைத் தடுக்கும் சோப்புத் தன்மையுள்ள மாசு கலந்திருப்பது தெளிவாயிற்று. அந்தச் சோப்பைச் சிதைக்கும் அமிலக் கழுவலுக்குப் பின் அடுக்குகள் விரைந்து பிரிந்தன.